பொறுக்கிப் போட்ட அரிசி

எனக்கு முன்கோபம் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் தம்பி சொல்வான், அவன் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும். மைசூரில் ஒரு தானியப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். அரிசி வரும். தட்டில் கொட்டி முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு, கல் எவ்வளவு என்று பிரித்து எடை போட்டு எழுத வேண்டும். பிறகு அதை அரைத்து, கரைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு நான் சயின்டிஸ்ட். கல்யாண வீடுகளில் அப்படித்தான் அறிமுகம் செய்வார்கள். சளிக்கு எந்த மாத்திரை, பையனுக்கு எந்தக் காலேஜ், வாஷிங் மெஷினில் எது நல்லது என்று எல்லாம் என்னிடம் கேட்பார்கள். அரிசியைப் பற்றி மட்டும் போனிடம் கேட்பார்கள்.

தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மனைவி ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிறாள். சென்ட்ரிங், பெயின்டிங், டைல்ஸ் என்று கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அங்கே பாதி. வீட்டில் தமிழ், விளையாட்டில் கன்னடம், அடம் பிடிக்கும்போது இரண்டும் பேசுகிற பிள்ளைகள். தெருவில் அவளைப் பார்த்தால் 'சாம்பார் ஆன்ட்டி' என்று ஓடிவந்து புடவையைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் குடும்பத்தில் என்னைப் பார்த்து அப்படி யாரும் ஓடிவந்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் தம்பி போன் செய்தான். "அக்கா, இவளுக்கு வேலை போயிரும்போல இருக்குது" என்றான்.

நடந்தது இதுதான். பள்ளி அபிவிருத்திக் கமிட்டியின் தலைவர் ஒரு டைல்ஸ் மேஸ்திரி, தர்மபுரிக்காரர். போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பள்ளிக்கு வந்திருக்கிறார். சூடான சாதத்தை இறுக்கி உருண்டை பிடித்து வராந்தாவில் ஓங்கி அடித்திருக்கிறார். அது எகிறியிருக்கிறது. அதோடு விட்டாரா, மூட்டையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி வாளித் தண்ணீரில் போட, வெளிர்மஞ்சளாக நாலைந்து அரிசி மிதந்திருக்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்று தீர்ப்பாகிவிட்டது. மறுநாள் பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டிபன் டப்பாவோடு வந்தார்கள். அதற்கும் மறுநாள் பேச்சு இன்னும் வளர்ந்தது. அரசாங்கம் அனுப்பியது நல்ல அரிசியாம், சமையல்காரி அதை வெளியே தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக்கைக் கலந்துவிட்டாளாம். பத்து நாளில் கமிட்டி கூடி வேறு ஆளைப் போடப் போகிறதாம். தெருவில் ஒரு தாய் தன் பிள்ளையின் கையைப் பிடித்து அவளிடமிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள் என்று தம்பி சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

அந்த மஞ்சள் அரிசி என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ரேஷனுக்கும் பள்ளிக்கும் வருகிற அரிசியில் இப்போது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சத்து சேர்த்த அரிசியைக் கலக்கிறார்கள். இரும்புச்சத்து, இன்னும் இரண்டு சத்து, ரத்தசோகை வராமல் இருப்பதற்காக. அதைப் பரிசோதிப்பதே என் வேலையில் ஒரு பகுதி. ஆக, பிறந்ததிலிருந்து நான் காத்திருந்த சந்தர்ப்பம் வந்துவிட்டது என்று நினைத்தேன். தலைமையாசிரியரிடம் பேசிப் பெற்றோர்களைக் கூட்டச் சொன்னேன். இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பத்திரண்டு ஸ்லைடு தயார் செய்தேன். 'நுண்ணூட்டச் செறிவூட்டல்' என்று முதல் ஸ்லைடிலேயே போட்டேன். அந்த வார்த்தையை ஒரே மூச்சில் சொல்வதற்குக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்.

நான் குடியிருக்கும் அக்ரஹாரத்திலிருந்து ஸ்கூட்டரில் ப்ரொஜெக்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு போனேன். மூன்றாவது ஸ்லைடில் கரண்ட் போய்விட்டது. சரி, வாயாலேயே சொல்வோம் என்று ஆரம்பித்தேன். இந்த அரிசி வயலில் விளைந்தது அல்ல, மாவை மெஷினில் கொடுத்து அரிசி வடிவத்தில் செய்வது என்றேன். வகுப்பறை முழுக்க ஒரு 'ஆங்' கேட்டது. திருடன் தானே ஒப்புக்கொண்டால் வருகிற 'ஆங்' அது. "ஒப்கொண்ட்ரு" என்று பின் பெஞ்சில் ஒருவர் மற்றவரிடம் கன்னடத்தில் சொன்னார். ஒப்புக்கொண்டுவிட்டார்களாம்.

இதில் இரும்புச்சத்து இருக்கிறது என்றேன். காந்தம் வைத்தால் ஒட்டுமா என்று ஒருவர் கேட்டார். ஒட்டாது என்றேன். அப்படியானால் இரும்பு இல்லையே என்றார். அரண்மனை வாசலில் போலீஸ்காரர் மெஷின் வைத்துத் தடவுவாரே, இதைச் சாப்பிட்ட பிள்ளை போனால் அது கத்துமா என்று ஒரு தாய் நிஜமான கவலையோடு கேட்டாள். நான் அவளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். கம்மலை விழுங்கினால்தான் கத்தும் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

உருண்டை எகிறுவதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். எந்தச் சோற்றையும் சூட்டோடு இறுக்கிப் பிடித்தால் கொஞ்சம் எகிறத்தான் செய்யும். இதைக் காட்டுவதற்காக என் வீட்டில் வடித்த கடை அரிசிச் சாதத்தை ஹாட்பாக்ஸில் கொண்டுபோயிருந்தேன். எல்லோர் முன்னாலும் உருண்டை பிடித்துத் தரையில் அடித்தேன். அருமையாக எகிறி, தலைமையாசிரியரின் மேஜைக்கு அடியில் போய் நின்றது. வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தேன். எல்லோர் முகத்திலும் பரிதாபம். பாவம், மேடம் வீட்டுக்கும் பிளாஸ்டிக் அரிசியைத்தான் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே கலைந்து போனார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஹனூர்ச் சித்தப்பா ஒரு வீடியோ போட்டார். நீளம் ஆறு விநாடி. பேய்ப் படத்து இசை, என் மூக்கைக் காட்டும் ஒரு சிவப்பு அம்பு, நடுவில் நான். 'ஆமாம், மெஷின்ல செஞ்ச அரிசிதான், பார்க்க அரிசி மாதிரியே இருக்கும்' என்று சொல்கிறேன். அழிப்பதற்குள் எல்லோருக்கும் அனுப்பவும் என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே சித்தப்பாவின் சொந்தக் கருத்து இருந்தது: இந்தம்மா பார்க்க நம்ம புள்ளயாட்டவே இருக்குது, ஆனா தைரியமா உண்மையப் பேசுது.

அது நான்தான் சித்தப்பா என்று எழுதினேன். உடனே போன் வந்தது.

"கண்ணு, இப்பெல்லாம் எவன் மூஞ்சிய வேணும்னாலும் ஒட்டறானுகளாம். உன்ற மூஞ்சியவும் ஒட்டிப்போட்டானுக. போலீசுல எழுதிக் குடு" என்றார்.

நான் பேசியதில் ஒரு வரியை வெட்டி ஊரெல்லாம் அனுப்பியவனை எல்லோரும் நம்பினார்கள். அதில் இருப்பது நான்தான் என்று நானே சொன்னதை மட்டும் என் சொந்தச் சித்தப்பா நம்பவில்லை. போனை வைத்துவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். கமிட்டி கூடுவதற்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், அது எனக்குப் பழக்கமில்லாததால் வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. சமையலறைப் பரணிலிருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றை இறக்கி என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே விளிம்பு வரைக்கும் வெளிர்மஞ்சள் அரிசி.

தினமும் காலையில் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பள்ளிக்குப் போய், முறத்தில் அரிசியைப் பரப்பி, நிறம் மாறிய ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்திருக்கிறாள். கழுவும்போது மிதப்பதையும் அரித்து எடுத்துக் காயவைத்திருக்கிறாள். இரண்டு வருடமாக. கண்ணுக்குத் தப்பிப் போனது போக, ஒரு பருக்கையைக்கூடத் தெரிந்து உலையில் விடவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம் என்று ஒரு டின் மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டியிருக்கிறாள். மேஸ்திரி பள்ளிக்கு வந்த அன்று அவளுக்குக் காய்ச்சல். கூட வேலை செய்கிற அம்மா பொறுக்காமல் விட்டுவிட்டாராம்.

அந்த மாவட்டத்திலேயே மிகக் கவனமான சமையல்காரி, அந்தக் கவனத்தாலேயே பிள்ளைகளுக்கு வர வேண்டிய சத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து டின்னில் போட்டு மூடியிருக்கிறாள். நான் கத்த ஆரம்பித்தேன். அரிசியைப் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறேனே, ஒரு போன் செய்தால் என்ன, வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறேனே, அப்போதாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன். தம்பி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது அவள் சொன்னாள். "இதுக்குத்தானுங்க அண்ணி கேக்கல."

கல்யாணமாகி வந்த புதிதில் ரசப்பொடியில் என்ன விகிதம் என்று என்னிடம் கேட்டதாகவும், அதற்கு நான் இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்று கேட்டதாகவும் சொன்னாள். பதினாலு வருடத்துக்கு முந்தைய பேச்சு. எனக்கு ஞாபகமே இல்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லையாம். போனில் கேட்டால் அது திட்டுவதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைக்க டின்னுக்குள் கையை விட்டு அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

தம்பி காரியக்காரன். டின்னைக் கூட்டத்துக்கு எடுத்துப் போவோம் என்றான். உங்கள் பிள்ளைகள் வாயில் பிளாஸ்டிக் போகக் கூடாதென்று இவள் இரண்டு வருடம் பொறுக்கியிருக்கிறாள் என்று காட்டினால் போதும், வேலையும் நிலைக்கும், பெயரும் திரும்பி வரும். அதில் உண்மை இல்லையே என்றேன். பொறுக்கியது உண்மைதானே என்றான். "அக்கா, நீ வாயத் தொறக்காம உக்காந்திரு, அதுவே பெரிய உதவி." அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தது. சரி என்றேன். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் தெரிந்தே ஒரு பொய்க்குத் தலையாட்டியது அன்றைக்குத்தான்.

கூட்டத்தில் எனக்கு ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு கிடைத்தது. முழங்கால் முகவாயில் முட்ட, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் டின்னைத் திறந்து மேஜைமேல் வைத்து, எப்படிப் பொறுக்கினாள் என்று சொன்னாள். தம்பி கணக்குப் போட்டது அப்படியே நடந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தெருவில் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்ட அந்தத் தாய் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டைல்ஸ் மேஸ்திரி கைகூப்பி, நான் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் தாயே என்றார். தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து, சமையல்காரரை மாற்றத் தேவையில்லை என்று நோட்டில் எழுதத் தொடங்கினார். அங்கேயே முடிந்திருக்கலாம்.

அப்போது அந்தத் தாய் சாதாரணமாக ஒன்று கேட்டாள். இனிமேலும் தினமும் இப்படியே பொறுக்கிவிடுவாய் இல்லையா என்று. தலையை ஆட்டினால் போதும். அவள் ஆட்டவில்லை. டின்னைப் பார்த்தாள், பிறகு ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் மடங்கி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, இது என்னன்னு நீங்களே சொல்லிருங்க. திட்டாம சொல்லுங்க."

தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். நான் எழுந்தேன், பெஞ்சும் கொஞ்சம் கூடவே எழுந்தது. ஸ்லைடு இல்லை, பெரிய வார்த்தை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வீட்டில் பேசுகிற தமிழில்தான் வந்தது. "சேமியா எப்படிச் செய்யறாங்க? மாவப் பெசஞ்சு அச்சுல புழியறாங்க. இதுவும் அப்படித்தான். அரிசி மாவுதான், ரத்தம் ஊற சத்து கலந்து அரிசியாட்டம் புழிஞ்சிருக்காங்க. அதனாலதான் நெறம் வேற, சிலது மெதக்கும். பிளாஸ்டிக் இல்ல." நான் போன தடவை கம்மலைச் சொன்ன தாயிடம், மெஷின் கத்தாது கண்ணு, பயப்படாதே என்றும் சொன்னேன்.

எல்லோரும் டின்னைப் பார்த்தார்கள். பிறகு மேஸ்திரி மெல்ல எழுந்தார். கைகூப்பிய அதே கையை நீட்டி, அப்படியானால் இரண்டு வருடமாக என் பெண்ணுக்கு வந்த சத்தையெல்லாம் இவள் பொறுக்கி டின்னில் போட்டிருக்கிறாளா என்று கேட்டார். பத்து நிமிடத்துக்கு முன்னால் தாயாக இருந்தவள் மறுபடியும் குற்றவாளி ஆகிவிட்டாள். பிளாஸ்டிக் போட்டாள் என்று வேலையை எடுக்க வந்தவர்கள், சத்தை எடுத்தாள் என்று வேலையை எடுக்கக் கிளம்பினார்கள். தலைமையாசிரியர் எழுதியதை அடிக்கலாமா என்று பேனாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "நானும் வீட்டுல பொறுக்கித்தான் போடறேன்."

மேஸ்திரி யார் என்று திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ரேஷன் அரிசியைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுகிறவள், சாக்கடையில் கொட்டுகிறவள், சாமி படத்துக்குப் பின்னால் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறவள். கன்னடம் பேசுகிற பெண்களும் தலையசைத்தார்கள். பொறுக்காதவள் அந்த அறையில் ஒருத்தியும் இல்லை. எங்கள் வீட்டில் குருவிக்குப் போடுவோம் என்று தலைமையாசிரியரும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தவறு எல்லோருடையதும் ஆனபிறகு ஒருத்தியை மட்டும் எப்படி வீட்டுக்கு அனுப்புவது? மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார். நாளையிலிருந்து பொறுக்க வேண்டாம் என்று ஒரு வரியைச் சேர்த்துக் கூட்டத்தை முடித்தார்கள்.

மறுநாள் காலை லேபுக்குப் போகிற வழியில் பள்ளிச் சமையலறைக்குப் போனேன். அவள் முறத்தை ஆணியில் மாட்டிவிட்டு அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நான் பொறுக்கிப் போட்டதுல புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமுங்களா அண்ணி?"

ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. தெரியவில்லை என்றேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மிதந்து வந்த மஞ்சள் அரிசியை உள்ளங்கையால் தண்ணீருக்குள் அமுக்கி, அப்படியே உலையில் கொட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாதிரி அரிசியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த மூட்டையை நான் பரிசோதித்ததே இல்லை. என் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஒருத்தி பள்ளிக்கூடம் முழுவதற்கும் உலை வைத்திருக்கிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் மூட்டையிலிருந்து ஒரு பிடி அரிசியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வழியில் இரண்டு சிக்னல்களில் நிற்கவில்லை. லேபில் மேல்கோட்டைக்கூடப் போடாமல் அரைத்து, கரைத்து, சொட்டு விட்டு, இரும்புச்சத்துக்கு வர வேண்டிய சிவப்பு வருகிறதா என்று நகத்தைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு சாம்பிளுக்காக நான் இப்படிப் பயந்ததில்லை. சிவப்பு வந்தது. செய்யத் தெரிந்த மற்றப் பரிசோதனைகளையும் செய்து, சாப்பாட்டு மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளுக்குப் போன் செய்தேன்.

"நல்ல அரிசிதான்" என்றேன், மூச்சு வாங்க.

"அதான் நேத்தே சொல்லிட்டீங்களே அண்ணி" என்றாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டாள்.